பிளொப்பி வாசிக்குதில்லை

குருநகர், யாழ்ப்பாணம்.
14.01.1990

தம்பி கிறகோரி,

நீ அனுப்பிய கொம்பியூட்டர் புதன்கிழமை வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக் கனிசியஸ் அண்ணை கொழும்பில் கருவாடு கொடுத்துவிட்டு வரும்போது, ரயிலில் தன் காலுக்குள் இடுக்கி வைத்துக் கொண்டுவந்தார். வழியில் இரண்டு சென்றிக் காவலரண்களில் பெட்டியைப் பிரித்து, "இது ரீவியோ, வயர்லெஸ்ஸோ?" என்று கேட்டார்களாம். பிரித்தவர்களுக்கு மூடத் தெரியவில்லை. கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு உனக்கு எழுதுகிறேன். சுகம் விசாரிக்க அல்ல. மெஷின் ஓடவில்லை, அதைச் சொல்ல.

நீ ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து வயர்களைக் கொழுவினேன். ஸ்விட்ச்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது. திரையில் சில இலக்கங்கள் ஏறுகின்றன. பிறகு ஓர் ஆங்கில வசனம் வருகிறது. சிஸ்டம் இல்லாத தட்டு, அல்லது தட்டில் பிழை, வேறு தட்டைப் போட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்தவும் என்று அர்த்தம். ஏதாவது ஒரு விசையை அழுத்தினேன். அதே வசனம். பலகையில் இருக்கிற அத்தனை விசையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டேன்.

முன்னறையில் ஐந்து ரைப்ரைட்டர் வைத்துப் பதினேழு வருஷமாக வகுப்பு நடத்துகிறேன் என்பது உனக்குத் தெரியும். முந்திய வருஷம் இருபத்தாறு பிள்ளைகள். இப்போது ஒன்பது. ரவுணில் கொம்பியூட்டர் வகுப்பு தொடங்கிவிட்டார்கள், எல்லோரும் அங்கே. நீ மெஷின் அனுப்பப்போகிறாய் என்று கனிசியஸ் அண்ணை சொன்ன கையோடு, பெப்ரவரி பதினைந்தில் கொம்பியூட்டர் வகுப்பு தொடங்கும் என்று எழுதிக் கோயில் பலகையில் ஒட்டினேன். உன்னை நம்பி ஒட்டியது என் பிழை.

அம்மா இருக்கிறா.

மார்கிரட்

*

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.
25.01.1990

அன்புள்ள அக்கா,

கவரில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் படிக்கட்டிலேயே நின்று பிரித்தேன். ஏசித்தான் எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, எழுதினீர்களே.

மெஷினில் ஒன்றும் பெரிய பிழையில்லை. ஒரு கொம்பனி கழித்துவிட்டதை நான் எடுத்துத் திருத்தி, இரண்டரை வருஷம் என் அறையில் வைத்து ஓட்டியது. எழும்பியதும் தான் யார் என்று மெஷினுக்கு ஞாபகப்படுத்த ஓர் அடிப்படைப் புரோகிராம் வேண்டும். அதற்குப் பெயர் டொஸ். அது உள்ளே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. ரயில் குலுக்கியதில் அந்த இடம் பழுதாகியிருக்க வேண்டும். புதிதாய்ப் போட்டால் சரி.

இதோடு ஒரு பிளொப்பி வைத்திருக்கிறேன். கடை மெஷினில் நானே கொப்பி பண்ணியது. முன்பக்கத்து டிரைவுக்குள் பெயர் ஒட்டிய பக்கம் மேலே இருக்கும்படி தள்ளி, பிடியைக் கீழே மடக்கிவிட்டு ஸ்விட்ச்சைப் போடுங்கள். ஏ என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் வரும். வந்ததும் நான் தனித் தாளில் எழுதியிருக்கிற ஃபோர்மட் கட்டளையை அப்படியே அடியுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் உள்ளது எல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்கும். யோசிக்காமல் ஓம் என்பதற்கான 'வை' எழுத்தை அடியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து மினக்கெட வேண்டாம். எல்லாம் கடைக் குப்பை.

நான் வந்தால் இது அரை மணித்தியால வேலை. வரட்டுமா?

அப்பா செத்த விசயத்தை நீங்கள் எழுதாவிட்டாலும் அந்தக் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. அக்கா, கனிசியஸ் அண்ணை வவுனியாவிலிருந்து அடித்த தந்தி எனக்கு வரவில்லை. எண்பத்தேழில் அந்தச் சண்டைக்குள் எது ஒழுங்காய் வந்தது? நான் அறிந்தபோது முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. இன்னும் எத்தனை தரம் சொல்ல?

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

கிறகோரி

*

குருநகர்.
07.02.1990

கிறகோரி,

நீ சொன்னது ஒன்றையும் விடாமல் செய்தேன். டிரைவ் பல்லை நறுமுவதுபோல மூன்று தரம் சத்தம் போட்டது. பிறகு அதே வசனம். ஏயும் இல்லை, அம்புக்குறியும் இல்லை.

பின்னேரம் நாலு மணிக்குத்தான் கரண்ட் வருகிறது. ஏழு மணிக்குள் போய்விடும், சில நாள் ஐந்துக்கே போய்விடும். அந்த நேரத்துக்குள் பிளொப்பியைப் பதினோரு தரம் போட்டு எடுத்தேன். அம்மா செபமாலையோடு பக்கத்தில் இருந்துகொண்டு, "விடன் பிள்ளை, அதுக்கும் களைப்பு இருக்கும்தானே" என்கிறா.

ரைப்ரைட்டர் ஓடாவிட்டால் நான் மூடியைத் திறப்பேன். றிபன் சிக்கியிருக்கும், அல்லது ஓர் எழுத்தின் கம்பி வளைந்திருக்கும். பிழை கண்ணுக்குத் தெரியும், கையால் நிமிர்த்தலாம். இதில் எதைத் திறப்பது, எதை நிமிர்த்துவது? உன்னிடம் கேட்டால் பதில் வரப் பன்னிரண்டு நாள். அந்தப் பதிலும் பிழை.

நீ வரத் தேவையில்லை. அப்பாவைப் பெட்டிக்குள் வைத்ததற்கு வராதவன் இந்தப் பெட்டிக்கு வந்து நின்றான் என்று ஊர் கதைக்க வேண்டாம்.

மார்கிரட்

*

கொட்டாஞ்சேனை.
19.02.1990

அக்கா,

உங்கள் கடிதம் கண்டதும் அதேமாதிரி இன்னொரு பிளொப்பி எடுத்து, அதே டொஸ்ஸைக் கொப்பி பண்ணி, கடை மெஷினில் போட்டுப் பார்த்தேன். ஐந்து தரம் போட்டேன், ஐந்து தரமும் ஏ வந்தது. பிளொப்பியில் பிழையில்லை. கோபிக்காதீர்கள், நீங்கள்தான் எங்கோ பிழை விடுகிறீர்கள்.

இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். பிடியைக் கடைசிமட்டும் மடக்கினீர்களா? பிளொப்பியின் நீள ஓட்டைக்குள் தெரிகிற மண்ணிறத் தட்டை யாராவது விரலால் தொட்டார்களா? ரேடியோவுக்கு மேல் வைத்தீர்களா? ரேடியோவின் பின்னால் காந்தம் இருக்கிறது, அது எல்லாவற்றையும் அழித்துவிடும். அம்மா அதற்கு மேல் ஏதாவது வைத்தாவா?

இந்த இரண்டாவது பிளொப்பியை இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து அனுப்புகிறேன். தயவுசெய்து ஆறுதலாய்ச் செய்யுங்கள். நீங்கள் அவசரப்பட்டால் கை கடுமையாகிவிடும், எனக்குத் தெரியும்.

கிறகோரி

*

குருநகர்.
09.03.1990

கிறகோரி,

என் கை கடுமையோ? இந்தக் கை படிப்பித்த பிள்ளைகள் அரசாங்கக் கச்சேரியில் இருக்கிறார்கள், வங்கியில் இருக்கிறார்கள், லண்டனில் இருக்கிறார்கள். இப்படி அடி என்றால் அப்படி அடிக்க எனக்குத் தெரியும். பிடியைக் கடைசிமட்டும் மடக்கினேன். யாரும் தொடவில்லை. ரேடியோ சமையலறையில். அம்மா அதற்கு மேல் ஒன்றும் வைக்கவில்லை, மெஷினைக் கண்டால் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு சுற்றிப் போகிறா.

இரண்டாவதும் வாசிக்கவில்லை.

பெப்ரவரி பதினைந்து வந்தது. ஏழு பிள்ளைகள் தலை வாரி இழுத்து, புதுக் கொப்பியோடு வந்து வாங்கில் இருந்தார்கள். நான் ஸ்விட்ச்சைப் போட்டேன். தட்டில் பிழை என்ற வசனத்தை ஏழு பேரும் ஒன்றாய் வாசித்தார்கள். இங்கிலீசு வாசிப்பு வகுப்பாகப் போய்விட்டது. அடுத்த கிழமை நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த கிழமை ஸ்ரெல்லா என்ற பிள்ளை மட்டும். அவள் தகப்பன் கடலில் காணாமல் போனவர், ரவுண் வகுப்புக்குப் போக அவளுக்கு வசதியில்லை.

இனி நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பூதக்கண்ணாடியாய்ப் பிடித்துக்கொண்டு, உன் பிளொப்பிகளையும் மெஷினையும் ஓர் அங்குலம் விடாமல் பார்த்தேன். நீ அனுப்பிய இரண்டிலும் மூலையில் ஒன்று புள்ளி இரண்டு எம்.பி. என்று சின்னதாக அச்சிட்டிருக்கிறது. மெஷினுடைய டிரைவின் பக்கத்தில் முந்நூற்று அறுபது கே.பி. என்று ஒட்டியிருக்கிறது. பெட்டிக்குள் நீ போட்ட கிழிந்த ஆங்கிலப் புத்தகத்தைத் தேடி வாசித்தேன். முந்நூற்று அறுபது டிரைவ் ஒன்று புள்ளி இரண்டு பிளொப்பியை வாசிக்காது என்று நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது.

கொம்பியூட்டர் கடையில் வேலை செய்கிறவன் நீயா, நானா?

மார்கிரட்

*

கொட்டாஞ்சேனை.
24.03.1990

அக்கா,

வெட்கமாய் இருக்கிறது. நீங்கள் சொன்னது சரி. கடையில் இப்போது எல்லாம் புது மெஷின், எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கூடுதலாய்க் கொள்கிற பிளொப்பி. உங்களிடம் இருப்பது பழசு என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டேன். என்னிடம் இருந்த காலம் முழுக்க அது ஹார்ட் டிஸ்க்கிலேயே ஓடியது, பிளொப்பி டிரைவை நான் தொட்டதே குறைவு.

குறைவாய்க் கொள்கிற பழைய பிளொப்பி ஒன்றை மேசை லாச்சியில் தேடி எடுத்து, பழசை அழித்துவிட்டு, அதில் டொஸ்ஸைப் போட்டு அனுப்புகிறேன். கடை மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். பத்துத் தரம் ஏ வந்தது. இந்த முறை உறுதி.

ஏ வந்ததும் நேரே ஃபோர்மட், நேரே வை. அந்தப் புத்தகத்தை வாசித்து மற்றக் கட்டளைகளை அடித்துப் பார்க்க வேண்டாம், அக்கா. அழித்துவிட்டுத் தொடங்குவதுதான் நல்லது.

அந்தப் பிள்ளையை வகுப்பில் நிற்கச் சொல்லுங்கள்.

கிறகோரி

*

குருநகர்.
14.04.1990, பெரிய சனி

கிறகோரி,

இதுவும் வாசிக்கவில்லை.

இந்த முறை கொஞ்சம் வாசிக்கத் தொடங்கி, பாதியில் நின்றது. ஸ்ரெல்லா கையைக் கூப்பிக்கொண்டு இருந்தாள். அதுதான் எனக்குக் கூடுதலாகக் கோபம். அடியோடு வாசிக்காமல் இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

உறுதி என்று எழுதுகிறாய். பத்துத் தரம் ஓடியது என்று எழுதுகிறாய். அங்கே எல்லாம் ஓடுகிறது, இங்கே ஒன்றும் ஓடவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே பிளொப்பி. அப்படியென்றால் எங்களில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறோம், அது நானில்லை. தந்தி வரவில்லை என்பதையும் நீ இப்படித்தான் எழுதினாய். உறுதி, உறுதி என்று.

மூன்று மாதமாக ஒரு மெஷினுக்கு முன்னால் இருந்து பிச்சை கேட்கிறேன். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதைக்கு முழங்காலில் நிற்கும்போதும், பிடியைச் சரியாய் மடக்கினேனா என்ற யோசனை. இதற்கா அனுப்பினாய்? கோயில் பலகையில் ஒட்டியதை நானே போய்க் கிழித்தேன். யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக் கிழித்தேன், அந்த அளவுக்கு வந்துவிட்டது.

மெஷினுக்கு மேல் பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மூடிவிட்டேன். இனி அனுப்பாதே.

மார்கிரட்

*

கொட்டாஞ்சேனை.
04.05.1990

அக்கா,

அனுப்பாதே என்று எழுதியும் அனுப்புகிறேன். இதை வாசித்துவிட்டு எறியுங்கள்.

கடையில் எல்லோரும் வேலை முடித்துப் போனபிறகு வயதான பொறியியலாளர் ஒருவரிடம் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "ரெண்டு பேருமே பொய் சொல்லேல்லைத் தம்பி" என்றார். விளக்கம் இதுதான். பிளொப்பியில் எழுத்துகள் வட்டமான தடங்களில் பதிகின்றன. கடையிலுள்ள புது டிரைவின் எழுத்து முனை மெல்லிசு. உங்களுடைய பழைய டிரைவின் முனை தடிப்பு. நான் எடுத்தது முன்பு ஒரு பழைய மெஷினில் எழுதியிருந்த பிளொப்பி. அதில் அழித்துவிட்டு எழுதினாலும், மெல்லிசு முனை தடத்தின் நடுவில்தான் எழுதும். பழைய எழுத்தின் கரை இரண்டு பக்கத்திலும் மிஞ்சி நிற்கும். கடை மெஷின் நடுவை மட்டும் வாசிப்பதால் அதற்கு எல்லாம் சரி. உங்கள் மெஷின் அகலமாய் வாசிப்பதால் பழசும் புதுசும் ஒன்றாய் ஏறி, ஒன்றும் விளங்காமல் நின்றுவிடுகிறது.

கடையின் பின்னறைக் கழிவுகளுக்குள் தேடி, உங்களுடையதைப் போன்ற பழைய டிரைவ் ஒன்றைக் கண்டெடுத்தேன். அதைக் கழுவித் துடைத்துப் பூட்டி, ஒருநாளும் எழுதாத புதுப் பிளொப்பியை உறை கிழித்து எடுத்து, அதில் எழுதியிருக்கிறேன். இதற்கு முன்பு செய்திருக்க வேண்டும். மூன்று மாதம் உங்களை ஏசவைத்தேன்.

ஏ வந்தால் ஃபோர்மட், வை. வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூலையில் லீவு எடுக்கலாம் என்று இருக்கிறேன். நீங்கள் ஓம் என்றால்.

கிறகோரி

*

குருநகர்.
09.06.1990

கிறகோரி,

வாசித்தது.

இன்று பின்னேரம் நாலே காலுக்கு. ஸ்ரெல்லாதான் வேட்டியை எடுத்தாள், "கடைசியாய் ஒருக்கால் பாப்பம் ரீச்சர்" என்று. டிரைவ் சத்தம் போட்டது, நின்றது, திரும்பவும் சத்தம் போட்டது. பிறகு ஏ. பக்கத்தில் அம்புக்குறி. ஸ்ரெல்லா கத்தியதில் அம்மா சமையலறையில் இருந்து அகப்பையோடு ஓடி வந்தா. நானும் அழுதேன், எழுதுவதில் என்ன வெட்கம்.

ஃபோர்மட் என்று அடித்தேன். சம்மதமா என்று கேட்டது. விரலை வை எழுத்துக்கு மேல் வைத்தேன். ஆனால் பழகிய கை, தம்பி. ஒரு தாளைக் கிழிக்கும் முன் அதில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்கிறவள் நான். இரண்டு கடிதத்தில் நீ பார்க்காதே, பார்க்காதே என்று எழுதியும் இருக்கிறாய். வேண்டாம் என்பதற்கான 'என்' எழுத்தை அடித்து வெளியே வந்தேன். புத்தகத்தைப் பார்த்து ஹார்ட் டிஸ்க்கின் பட்டியலைக் கேட்டேன்.

கடைக் குப்பை என்றாய். அக்கா ஒன்று, அக்கா இரண்டு என்று ஏழு வரை இருக்கிறது.

எழுதியதைத் திரையில் காட்டும் கட்டளைக்கு ரைப் என்று பெயராம். பதினேழு வருஷமாய் நான் படிப்பிக்கிற சொல். ஸ்ரெல்லாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடித்தேன். இங்கிலீசு எழுத்தில் தமிழ். முதலாவதற்குத் தேதி 1987 டிசம்பர் ஆறு.

"அக்கா, தந்தி போன கிழமை வந்தது. அண்டைக்கே பஸ் எடுத்து வவுனியா மட்டும் வந்தனான். அங்காலை விடேல்லை. வடக்கை இருந்து வந்த சனம் திரும்பிப் போ திரும்பிப் போ எண்டுதுகள். கோயில் விறாந்தையிலை ரெண்டு நாள் படுத்தனான். மூண்டாம் நாள் ஒரு கூட்டம் காட்டாலை நடந்து போகுது, வாறியோ எண்டு கேட்டவை. எனக்குக் கால் எழும்பேல்லை. பயம். திரும்பி வந்திட்டன்."

மூன்று வரை வாசித்தேன். கரண்ட் போய்விட்டது.

தந்தி வந்திருக்கிறது. இரண்டரை வருஷமாக நீ எனக்குப் பொய் எழுதியிருக்கிறாய். உனக்கு எழுதவே கூடாது என்று எழும்பினேன், திரும்ப வந்து இருக்கிறேன். ஏன் வவுனியா மட்டும் வந்ததைச் சொல்லவில்லை? வரவே இல்லை என்று நான் உன்னை ஏசிய ஏச்செல்லாம் கேட்டுக்கொண்டு ஏன் இருந்தாய்?

இன்னொன்றுக்கும் பதில் எழுது. இருப்பதை அழிக்காமல் டொஸ்ஸைப் போட வழி இருக்கிறதா?

மார்கிரட்

*

கொட்டாஞ்சேனை.
22.08.1990

அன்புள்ள அக்கா,

ஜூன் பதினோராம் தேதி முத்திரையோடு உங்கள் கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. அன்றுதானே சண்டை தொடங்கியது. இந்த இரண்டு மாதமும் நான் எழுதியவற்றில் ஒன்றாவது கிடைத்ததா? கோட்டையைச் சுற்றி அடிபாடு, குருநகரில் ஒரு சனமும் இல்லை என்று கேள்வி. நீங்களும் அம்மாவும் எங்கே? வவுனியாவுக்குச் சைக்கிளில் வந்துபோகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் கனிசியஸ் அண்ணை வந்திருக்கிறார் என்று அறிந்து, அவர் கையில் சேரும்படி இதை அனுப்புகிறேன்.

அழிக்காமல் போட வழி இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஏ வந்ததும் எஸ், வை, எஸ் என்ற மூன்று எழுத்தை அடித்து, ஓர் இடம் விட்டு, சியும் முக்காற்புள்ளியும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கும்.

அந்தக் கடிதங்களை அழிக்கத்தான் ஃபோர்மட் சொன்னேன். மெஷினைக் கட்டி அனுப்பிய அன்று அவற்றை அழிக்க இருந்தேன். கை வரவில்லை. உங்கள் கையால் அழியட்டும் என்று விட்டேன். நீங்கள் பார்ப்பீர்கள் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்குமோ, எனக்கே விளங்கவில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டீர்கள். தந்தி வராதவன் மேல் கோபம் வரும். வவுனியாவில் இருந்து திரும்பியவனைப் பார்த்தால்? அப்பா எந்தக் காத்திலும் கடலுக்குப் போன மனிசன். அவர் பிள்ளை கோயில் விறாந்தையில் இருந்து பயத்தில் திரும்பினான் என்று உங்களுக்கு எழுத என்னால் முடியவில்லை. உங்கள் கோபத்தோடு இருந்துவிடலாம் என்று நினைத்தேன். முடியாமல்தான் மெஷினை அனுப்பினேன்.

மெஷின் போனால் போகட்டும். உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

கிறகோரி

*

நீர்வேலி.
18.11.1990

அன்புள்ள தம்பி,

உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை வாசி.

ஜூன் கடைசியில் வெளிக்கிட்டோம். நீர்வேலியில் வாழைத் தோட்டம் வைத்திருக்கிற இரத்தினம்மா என்பவரின் வீட்டில் இரண்டு அறை தந்திருக்கிறார்கள். அவவின் மகள் என்னிடம் ரைப்பிங் படித்தவள். அம்மா நடப்பா, கொஞ்சம் மெலிவு. ரைப்ரைட்டர் ஐந்தையும் விட்டுவிட்டு வந்தேன். மெஷினைக் கனிசியஸ் அண்ணை சைக்கிள் கரியரில் வைத்து, திரையை ஸ்ரெல்லா தன் சைக்கிளில் வைத்து, இரண்டு தரமாய் உருட்டிக்கொண்டு வந்தார்கள். ரைப்ரைட்டரை விட்டுவிட்டு ஓடாத பெட்டியைக் கொண்டுவந்த என்னை இங்கே பலர் புதினமாய்ப் பார்த்தார்கள். ஜூன் நடுப்பகுதியில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. இனி வரும் என்று யாரும் சொல்லவில்லை.

உன் கடிதம் செப்ரெம்பர் முடிவில் கிடைத்தது. மூன்று எழுத்துக் கட்டளை கையில் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, கரண்ட் இல்லை. உனக்குச் சொல்லத் தேவையில்லை, நான் எப்படி இருந்திருப்பேன் என்று. ஒன்றரை மாதம் அந்தத் தாளை மடித்து, விரித்து, மடித்து வைத்திருந்தேன்.

போன திங்கட்கிழமை இரத்தினம்மாவின் மகளுக்குக் கலியாணம். வீடியோ எடுக்க ஜெனரேட்டர் பிடித்திருந்தார்கள். மற்ற நாள் காலமை அதைக் கொடுத்தனுப்ப இருக்கையில், உள்ளே இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு எண்ணெய் நிற்கிறது என்றார்கள். நான் யாரிடமும் எதையும் எளிதில் கேட்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும். அன்று கேட்டேன். "அதுக்கென்ன ரீச்சர், எடுங்கோ" என்றா இரத்தினம்மா.

ஜெனரேட்டர் விக்கி விக்கி ஓடியது. திரை சுருங்கி விரிந்தது. மெஷின் எரிந்துவிடும் என்று ஸ்ரெல்லா பயந்தாள். நாலாவது பிளொப்பியைப் போட்டேன். ஏ வந்தது. எஸ், வை, எஸ், இடம், சி, முக்காற்புள்ளி. மாற்றியாயிற்று என்று ஒரே ஒரு வரி வந்தது. பிளொப்பியை வெளியே எடுத்துவிட்டு, நிற்பாட்டி, திரும்பப் போட்டேன். தானாக எழும்பியது. சி என்ற எழுத்தும் அம்புக்குறியும். பத்து மாதம் மாரடித்தது, கடைசியில் நாலு நிமிச வேலை.

மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு வாழை இலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினேன். அக்கா ஒன்றிலிருந்து ஏழு வரை வாசித்துக் காட்டினேன். ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. கலியாண வீட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தவர்களும் கேட்டார்கள். கேட்கட்டும். ஐந்தாவதில் நீ அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய், அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா.

முடித்தபிறகு அம்மா செபமாலையை மடியில் வைத்தா. பிறகு கேட்டா.

"வவுனியா மட்டும் வந்தவனோ?"

"ஓம் அம்மா. வந்து பயத்திலை திரும்பிப் போட்டான்."

"கடலுக்குப் போனவன் காத்து மாறினதைக் கண்டு திரும்பி வந்தா, கரையிலை நிண்டு ஆராவது ஏசினவையோ? உங்கடை கொப்பர் எத்தினை நாள் வெறும் வலையோடை திரும்பி வந்தவர். எந்தக் காத்திலும் போனவர் எண்டு நீங்கள்தான் சொல்லித் திரியிறியள். நான் அல்லோ அவருக்குச் சோறு போட்டு வைச்சுக்கொண்டு இருந்தனான்."

எண்ணெய் முடிந்து ஜெனரேட்டர் நின்றது. திரை இருண்டது. அந்த அமைதிக்குள் நான் அம்மாவுக்கு ஒன்று சொன்னேன். அதை உனக்கும் சொல்ல வேண்டும். நீ மட்டும் மறைத்தவன் இல்லை.

அப்பாவுக்கு இழுப்புக் கூடிய அன்று ஊரடங்கு. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. அம்மா அடுப்படியில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டு இருந்தா. அறையில் நான் மட்டும். அப்பா என் கையைப் பிடித்துச் சொன்னார்: "கிறகோரிக்கு அறிவியாதை. அறிவிச்சா அவன் வெளிக்கிட்டிடுவான். பாதை சரியில்லை. அவன் அங்கையே இருக்கட்டும்." மூச்சு எடுத்து எடுத்துச் சொன்னார். அதுதான் அவர் கடைசியாய்க் கதைத்தது.

அவரைப் புதைத்துவிட்டு வந்தபிறகு, தனியாக அம்மாவோடு இருக்க ஏலாமல், உடனே வா என்று தந்தி அடிக்கும்படி கனிசியஸ் அண்ணையிடம் சொல்லி அனுப்பியது நான். அப்பா சொன்னதை அதில் சேர்க்கவில்லை. நீ வரவில்லை என்றதும் பிறகும் சேர்க்கவில்லை. அவர் உனக்காகக் காத்திருந்து செத்தார் என்று நீ நினைத்துக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டேன். மூன்று வருஷம் விட்டேன்.

அவர் காத்திருக்கவில்லை, தம்பி. வவுனியாவில் நின்று நீ திரும்பிய அன்று, அவர் சொன்னதைத்தான் செய்திருக்கிறாய்.

உன் அக்கா,
மார்கிரட்